பிகானேர் வேண்டாம்

விருத்தாசலம்,
ஏப்ரல் 28, ஞாயிறு.

அன்புள்ள இனியாவின் அப்பாவுக்கு,

இங்கே நானும் இனியாவும் சுகமாக இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று தினமும் போனில் கேட்கிறேன். "நல்லாத்தான் இருக்கறேன்" என்று தினமும் சொல்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் பேச உட்கார்ந்தால் இனியா மடியில் ஏறிக்கொள்கிறாள். அந்தப் பக்கம் உங்கள் அறையில் கூட இருப்பவர்கள் டிவி பார்க்கிறார்கள். நினைத்ததைச் சொல்ல எனக்கு இடமே இல்லை. காகிதத்தில் என்றால் யாரும் குறுக்கே வர மாட்டார்கள்.

கம்பெனியில் குடும்பத்துக்கு வீடு தருவதாகச் சொன்னது எனக்கும் சந்தோஷம்தான். பிகானேர், ஜோத்பூர், உதய்ப்பூர் என்று மூன்று ஊர் பெயரை அனுப்பி, "குடும்பம் நடத்த எது நல்ல ஊருன்னு நீயே முடிவு பண்ணு கயலு" என்றீர்கள். திருப்பதிக்கு அப்பால் ரயிலில் போகாதவள் நான். என்னிடம் போய் ராஜஸ்தானில் ஊர் பொறுக்கச் சொன்னால் எப்படி? ஆனாலும் ஒரு வாரமாக அதே வேலையாக இருக்கிறேன். பொம்மைக்குக் கண் எழுதும்போதுகூட அந்த ஊர்களின் பெயர்தான் ஓடுகிறது. பட்டறையில் நேற்று ஒரு பொம்மைக்குப் புருவத்தைக் கண்ணுக்குக் கீழே எழுதிவிட்டேன். முதலாளி சிரித்துவிட்டு, "ஊருக்குப் போற நெனப்பு வந்துடுச்சு போல" என்றார்.

நெனப்பு இல்லை, பயம். போனில் அந்த ஊர்களைத் தேடிப் பார்த்தேன். உதய்ப்பூரில் ஏரி இருக்கிறது, படகு இருக்கிறது. அங்கே கம்பெனிக்குக் கல் வெட்டும் குவாரிதான், வீடு ஊருக்கு வெகு தொலைவில் இருக்கும் என்று நீங்களே சொன்னீர்கள். நீங்கள் இருக்கும் பிகானேரின் வீடியோ ஒன்றை நானும் இனியாவும் பார்த்தோம். தெருவில் ஆட்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள். பின்னால் செம்மண் நிறத்தில் ஒரு சுவர் எழும்பி வருகிறது. மண்ணுதான். வானம்வரைக்கும் மண்ணு. கடைக்காரர் ஷட்டரை இழுப்பதற்குள் எல்லாம் இருட்டிவிட்டது. இனியா எழுந்து போய் நம் வீட்டு ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். மறுநாள் காலையில், "அம்மா, அப்பா அதுல மாட்டிக்கிச்சுன்னா மூக்க மூடிக்குமா?" என்று கேட்டாள். மூடிக்கொள்ளும் என்று சொன்னேன்.

பக்கத்து வீட்டு அன்புக்கரசி டீச்சரின் தம்பி ராணுவத்தில் ஜோத்பூரில் இருந்தவர். தண்ணீர் பரவாயில்லையாம். அரிசி கிடைக்குமாம், நம் புழுங்கலரிசி மட்டும் சிரமமாம். மத்திய அரசுப் பள்ளி இருக்கிறதாம், தமிழ்க் குடும்பங்களும் சில உண்டாம். பெரிய ஆஸ்பத்திரியும் இருக்கிறதாம். எனக்கு அதுவரை கேட்டதில் அந்தக் கடைசி விஷயம்தான் காதில் நின்றது. ஏனென்று நீங்களும் கேட்க வேண்டாம்.

நீங்கள் பிகானேர் என்றுதான் ஆசைப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. நீங்கள் வேலை செய்கிற மில் பக்கத்திலேயே வீடு, மதியம் வந்து சாப்பிட்டுப் போகலாம் என்று இரண்டு தடவை சொன்னீர்கள். யோசித்துச் சொல்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் குரல் இல்லை. பிறகு வந்து, சிக்னல் போய்விட்டது என்றீர்கள். சிக்னல் போனால் எனக்குத் தெரியும். போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு இருமினால் அதுவும் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
கயல்விழி.


விருத்தாசலம்,
மே 19, ஞாயிறு.

அன்புள்ள இனியாவின் அப்பாவுக்கு,

உங்களோடு மில்லில் இருக்கும் திலீபன் லீவில் வந்தவர், போன வாரம் நம் வீட்டுக்கு வந்தார். நீங்கள் கொடுத்தனுப்பிய காரமும் துணியும் வந்து சேர்ந்தன. புள்ளி புள்ளியாகச் சாயம் போட்ட அந்த மஞ்சள் துணியை இனியா பாவாடையாகத் தைக்கச் சொல்கிறாள்.

திலீபனுக்கு டீ போட்டுக் கொடுத்து ஊரைப் பற்றிக் கேட்டேன். பிகானேரைப் புகழ்ந்து தள்ளினார். பார்க் இருக்குது, ஸ்கூலு வேன் வாசலுக்கே வருது, சனங்க தங்கமானவங்க என்றார். கேட்கக் கேட்க எனக்கே ஆசை வந்தது. அவரையும் அறியாமல் அடுத்ததாக ஒன்று சொன்னார். "ஞாயித்துக்கெழம ஆனா கிரிக்கெட்டு ஆடுவோம் அண்ணி. அண்ணன் முன்ன மாதிரி ஓடறதில்ல. ஓரமா சேர் போட்டு உக்காந்து ஸ்கோர் சொல்றாரு" என்றார்.

நம் ஊர் ஐடிஐ கிரவுண்டில் நாள் முழுக்கப் பந்து வீசிவிட்டு வந்து, சைக்கிளில் என்னைக் கோயிலுக்கு அழைத்துப்போன ஆள் நீங்கள்.

ஏன் ஓடுவதில்லை என்று கேட்டேன். அவர் டீயைப் பார்த்தார். "மூச்சு வாங்குதுன்னு சொல்றாரு. மண்ணு காத்து இல்ல, எல்லாருக்கும் அப்படித்தான் இருக்குது" என்றார். நீங்கள் இப்போது சூப்பர்வைசர், ஆபீஸ் அறையில்தானே இருப்பீர்கள் என்றேன். ஆள் வராத நாளில் நீங்களே அரைக்கிற இடத்தில் போய் நிற்பீர்களாம். ஆள் வராத நாள்தான் அதிகமாம். மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுகிறது என்று கைக்குட்டையைக் கட்டிக்கொள்வீர்களாம். கிளம்பும்போது, "நான் சொன்னேன்னு அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார். சொல்லிவிட்டேன். அவர்மேல் கோபப்படாதீர்கள்.

என் அப்பாவை நீங்கள் பார்த்தது கல்யாணப் பேச்சு எடுத்த காலத்தில்தான். அப்போதே அவர் பாதி ஆள். அதற்கு முன்னால் இதே ஊரில் ஒரு பட்டறையில் பீங்கானுக்குக் கல் அரைக்கிற மில்லில் நின்றார். சாயங்காலம் வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். அவர் வயசாகிவிட்டவர் மாதிரி நடித்துக் காட்டுவார், நான் சிரிப்பேன். இருமல் வந்தபோது வெயில் என்றார். அப்புறம் பீடி என்றார். பீடியை விட்டும் நிற்கவில்லை. டிபி என்று மாத்திரை கொடுத்தார்கள். முழுசாகச் சாப்பிட்டார், அதுவும் கேட்கவில்லை. கடைசி வருஷம் படுக்க முடியாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். கல் தூசு நெஞ்சுக்குள் தங்கிவிட்டது, இனி எடுக்க முடியாது என்று ஒரு டாக்டர் சொன்னபோது ரொம்பத் தாமதம்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன், ஏனென்றால் போன செவ்வாய்க்கிழமை அம்மா இங்கே வந்திருந்தாள். கம்மாபுரத்தில் நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுப்பார்களா மாட்டார்களா என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்து, நாலு நாள் தங்க வந்தாள். நீங்கள் கூப்பிட்டபோது இனியா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நீங்கள் இருமினீர்கள். அம்மாவின் கை நின்றது. முறத்தை அப்படியே வைத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள். பின்னாலேயே போனேன். துவைக்கிற கல்மேல் உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்லடி, கண்ணுல தூசி" என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர இங்க வரச் சொல்லிடுடி" என்றாள்.

வரச் சொல்லலாம். வந்தால் நீங்கள் சும்மா உட்கார மாட்டீர்கள். உங்களுக்குத் தெரிந்தது இந்தத் தொழில்தான். மறுவாரமே இங்கே ஏதாவது ஒரு பட்டறையில் அதே கல்லை அரைக்க நிற்பீர்கள். மில் மாறும், தூசி மாறாது.

என்னை நீங்கள் ஊரைத் தேர்வு செய்யச் சொன்னீர்கள். செய்துவிட்டேன். பிகானேர் வேண்டாம். பார்க் இருந்தாலும் வேண்டாம். வேன் வாசலுக்கு வந்தாலும் வேண்டாம். மதியம் வீட்டுக்கு வந்து என் கையால் சாப்பிடுவீர்கள் என்றாலும் வேண்டாம். ஜோத்பூரில் கம்பெனிக்கு இருப்பது சரக்கு ஏற்றி அனுப்புகிற குடோன் மட்டும்தான், அங்கே அரைப்பது எதுவும் இல்லை என்று திலீபன் சொன்னார். அங்கே கேளுங்கள். பதவி குறைந்தாலும் கேளுங்கள்.

அதற்கு முன்னால் நெஞ்சுக்கு எக்ஸ்ரே படம் ஒன்று எடுத்துவிடுங்கள். கம்பெனி டாக்டரிடம் வேண்டாம், வெளியில். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கோபம் வந்தால் போனில் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

கயல்விழி.


விருத்தாசலம்,
ஜூன் 9, ஞாயிறு.

அன்புள்ள இனியாவின் அப்பாவுக்கு,

திட்டினீர்கள். "ஒங்கப்பாவ என்மேல ஏத்திப் பாக்காத" என்று சொன்னீர்கள். அந்த வார்த்தை வலித்தது, ஆனால் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். கத்துவதற்கு மூச்சு இருக்கிறதே என்று ஒரு ஆறுதல்.

மறுநாள் உங்களிடம் சொல்லாமல் அம்மாவை அழைத்துக்கொண்டு கடலூரில் ஒரு நெஞ்சு டாக்டரைப் பார்த்தேன். யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். ராஜஸ்தானில் இருக்கிறார் என்றேன். "ஆளே இல்லாம என்னம்மா வைத்தியம் பாக்கறது?" என்று அலுத்துக்கொண்டார். வெளியே இன்னும் பலர் காத்திருந்தார்கள், எழுந்து போகச் சொல்வார் என்று நினைத்தேன். அம்மா விடவில்லை. "சார், இவங்கப்பா கல்லு அரைச்சே போனாரு. மருமவனும் கல்லுதான் அரைக்கறாரு" என்றாள். டாக்டர் பேனாவை மூடினார். எத்தனை வருஷமாக, மூடிய அறையா, தண்ணீர் தெளித்து அரைப்பார்களா, எடை குறைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எடை எனக்குத் தெரியவில்லை. வீடியோவில் உங்கள் சட்டைக் காலர் கழுத்தை விட்டு விலகி நிற்பதைச் சொன்னேன்.

சரியாகிவிடுமா என்று கேட்டேன். "படம் எடுக்கட்டும்மா" என்றார். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அதையேதான் சொன்னார். பிறகு குரலைத் தணித்து, "எதுவா இருந்தாலும் மொதல்ல அந்தத் தூசியிலேர்ந்து வெளிய கொண்டாங்க. சீக்கிரம் வந்துட்டா மேல போவாம நிறுத்திப் பாக்கலாம். இன்னும் நாள் கடத்தாதீங்க" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, சேத்தியாத்தோப்பு தாண்டியதும் அம்மா, "எனக்கு அப்ப யாரும் இதச் சொல்லலடி" என்றாள்.

இதையெல்லாம் உங்களிடம் சொல்லி, கெஞ்சியாவது சம்மதிக்க வைக்க வேண்டும் என்று வியாழக்கிழமை போனை எடுத்தேன். என்னென்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும், எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள், "சரி கயலு, ஜோத்பூரே பாப்போம். மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்" என்றீர்கள்.

அவ்வளவுதான். பிகானேர்தான், பிகானேர்தான் என்று ஒரு மாதமாகச் சண்டை போட்ட மனுஷன் ஏன் ஒரே நாளில் சரி என்றார் என்று நான் கேட்கவில்லை. படம் எடுத்தீர்களா என்றும் கேட்கவில்லை. நீங்கள் எடுத்துவிட்டீர்கள். அது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. நீங்கள் இன்னொரு முறை திட்டியிருக்கலாம். போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். பால் பொங்கி வழிந்தது. இனியா வந்து அடுப்பை அணைத்தாள்.

அதோடு அழுகையும் போயிற்று. இப்போது வேலை இருக்கிறது. பள்ளியில் டிசி கேட்டுவிட்டேன். அங்கே பள்ளி ஜூலையில்தான் திறக்கும் என்பதால் அவசரம் இல்லை. சென்னையிலிருந்து ஜோத்பூருக்கு நேர் ரயிலில் டிக்கெட் போட்டாயிற்று, அம்மாவும் கொஞ்ச நாளைக்கு எங்களோடு வருகிறாள். ஒட்டகத்தைப் பார்க்கத்தான் வருகிறேன் என்று கம்மாபுரத்தில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். பட்டறையில் சொல்லிவிட்டேன். முதலாளி இனியாவுக்குக் கண் எழுதாத பொம்மை ஒன்று கொடுத்தார், போகிற இடத்தில் நீயே எழுதிக்கொள் என்று.

ஐம்பது டிகிரி வெயில் என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். இந்தி தெரியாது. அந்த ஊரில் யாரையும் தெரியாது. முதல் கடிதம் எழுதியபோது இதெல்லாம்தான் பயம் என்று நினைத்தேன். இப்போது அதையெல்லாம் நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்குகிற அளவுக்கு இந்தி போதும், அதை அன்புக்கரசி டீச்சரிடம் கற்றுக்கொண்டிருக்கிறேன். "இவருக்கு மூச்சு முட்டுகிறது" என்பதை இந்தியில் சொல்ல எனக்கு வந்துவிட்டது.

நீங்கள் ஜோத்பூருக்குப் போய்ச் சேர்ந்ததும் தனியாக டாக்டரைப் பார்க்கப் போக வேண்டாம். நாங்கள் வந்துவிடுகிறோம். அவர் சொல்வதை நானும் பக்கத்தில் இருந்து கேட்கிறேன். நல்லதோ, வேறு எதுவோ, ஒருவர் மட்டும் கேட்டுக்கொண்டு வந்து இன்னொருவரிடம் மாற்றிச் சொல்லும் வேலை இனி நம் வீட்டில் வேண்டாம். அதுவரைக்கும் மில்லுக்குள் ஒரு நாளும் போகாதீர்கள். ஆள் வரவில்லை என்றால் வராமல் போகட்டும். மில் ஓடாமல் நிற்கட்டும்.

கம்பெனி காட்டுகிற வீடுகளைப் பார்க்கப் போவதாகச் சொன்னீர்கள். பள்ளி பக்கமா, கடை பக்கமா என்று அலைய வேண்டாம், எவ்வளவு தூரமானாலும் நான் நடந்து போய்க்கொள்கிறேன். அந்த ஊரில் வீடெல்லாம் நீல நிறமாம். மேலிருந்து பார்த்தால் ஊரே நீலமாகத் தெரியுமாம், மொட்டை மாடி இருக்கிற வீடாகப் பார்க்கச் சொல் என்று இனியா அடம் பிடிக்கிறாள். அவளுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் கீழ் வீடாகவே பாருங்கள். தெருவிலிருந்து நேராக உள்ளே வருகிற மாதிரி, ஒரு படிகூட இல்லாத வீடாகப் பாருங்கள்.

என்றும் உங்கள்,
கயல்விழி.