ரூபன் கடையை எண்ணி முடித்தேன்

மேல் டிவிஷன்,
அப்புத்தளை.

அன்பு மகள் சிவசக்திக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனதைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ குவைத்தில் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாய் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் மாரியம்மனிடம் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ அழாமல் இருக்கப் பார்க்கிறாய், நானும் அப்படித்தான் பார்க்கிறேன், கடைசியில் என்ன கறி ஆக்கினாய் என்று கேட்டுவிட்டு இரண்டு பேரும் வைத்துவிடுகிறோம். பண்டாரவளை றிப்கா லீவு முடிந்து அடுத்த கிழமை அங்கே திரும்புகிறாள், இதை அவளிடம் கொடுத்துவிடுகிறேன். உனக்குப் பிடித்த ஊறுகாயும் ஒரு போத்தல் இருக்கிறது, சிந்தாமல் இறுக்கிக் கட்டியிருக்கிறேன்.

அப்பா மறுபடி ஃபெக்டரி வேலைக்குப் போகிறார். தம்பி ரூபனின் கருமாதி முடிந்த பிறகும் பல நாள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார், பிறகு ஒரு நாள் காலையில் தானாகவே எழுந்து போனார். ஆனால் தம்பி லொறியில் அடிபட்ட அந்த ஸ்டேஷன் வளைவுப் பக்கம் மட்டும் போவதில்லை. டவுனுக்குப் போனால் தம்பியின் போன் கடையைப் பார்க்காமல் சுற்றி மேல் ரோட்டால் நடந்து வருகிறார். அந்த லொறிக்காரன் வந்து காலில் விழுந்து அழுதானே, அவனைக் கூட அப்பா திட்டவில்லை, பனியில் யாருக்குத்தான் வளைவு தெரியும் என்று சொல்லி எழுப்பிவிட்டார். அதற்குப் பிறகு நேற்று வரைக்கும் ரூபன் என்ற பெயரை அவர் வாயால் சொல்லி நான் கேட்கவில்லை.

கடையைப் பற்றிச் சொல்கிறேன். கட்டடக்காரர் தைப்பொங்கலுக்குள் கடையை விட்டுக்கொடுக்கச் சொல்லிவிட்டார், அவரையும் குறை சொல்ல முடியாது. பண்டாரவளையில் போன் திருத்துகிற ஜெஸீம் சாமான்களோடு கடையை எடுத்துக்கொள்கிறேன் என்றார், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒரு கணக்கு மட்டும் வேண்டும் என்றார். அப்பா எல்லாவற்றையும் சாக்கில் அள்ளிக் கொடுத்துவிடு என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை. பிள்ளை ஒவ்வொன்றாய்த் தேடி வாங்கி அடுக்கிய சாமானை வேறொருவர் வந்து கொட்டி எண்ணுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, நானே எண்ணித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேனே தவிர, உள்ளே போய்ப் பார்த்தால் எது என்னவென்றே தெரியவில்லை. சார்ஜர் வயர் ஒரே மாதிரி தெரிகிறது, ஆனால் முனை வேறு வேறு. போன் கண்ணாடியில் ஒட்டுகிற தாள், கவர், பெட்டரி, குண்டூசித் தலையை விடச் சின்ன ஆணிகள். ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன், இரண்டாம் பக்கத்திலேயே அடித்து அடித்து எனக்கே புரியாமல் போய்விட்டது.

பக்கத்துத் துணிக்கடை ஜௌபர் நானாவின் மருமகள் ஷம்ராவை உனக்குத் தெரியும், அந்தக் கடைக் கணக்கு முழுக்க அவள்தான் பார்க்கிறாள். என் கொப்பியைப் பார்த்துவிட்டு, தம்பியின் லெப்டொப்பிலேயே செய்வோம் அக்கா, ஒன்று விற்றால் ஒரு எண்ணை மாற்றினால் போதும், திரும்பத் திரும்ப எழுதத் தேவையில்லை என்றாள். எட்டாம் வகுப்போடு கொழுந்துக் கூடையைத் தூக்கியவள் நான், அதைத் திறக்கக்கூடத் தெரியாது. அவள் எக்ஸெலைத் திறந்து காட்டினாள், முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது. மேல் வரியில் தலைப்பு மட்டும் எழுத வேண்டுமாம், சாமான், எந்த போனுக்கு, எந்தத் தட்டில், இருந்தது, போனது, மிச்சம். அதன் கீழே ஒரு வரிக்கு ஒரு சாமான்தான். நான் முதல் நாள் எண்ணிக்கைக் கட்டத்தில் "பத்துப் பதினைந்து இருக்கும்" என்று எழுதிவைத்தேன், அவள் சிரிக்காமல் அதை அழித்துவிட்டு, அந்தக் கட்டத்தில் எண் மட்டும்தான் வரவேண்டும், எழுத்துச் சேர்ந்தால் கூட்டிக் காட்டாது என்றாள். ஒரே சாமானுக்கு ஒரு இடத்தில் வயர் என்றும் இன்னொரு இடத்தில் கேபிள் என்றும் எழுதியிருந்தேன், அதுவும் கூடாதாம், எக்ஸெலுக்கு அது வேறு இது வேறு. பிறகு மிச்சம் என்ற கட்டத்தில் சமன் அடையாளம் போட்டு, இருந்ததில் போனதைக் கழிக்கச் சொல்லிக்கொடுத்தாள். நானே தட்டினேன், விடை தானாக வந்து நின்றது. அதை அப்படியே கீழே இழுத்தால் எல்லா வரிக்கும் வருகிறது சக்தி. ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ரூபனைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று வாயெடுத்துத் திரும்பிவிட்டேன். ஷம்ரா தன் கடைக்குப் போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

திருத்தக் கொடுத்துவிட்டுப் போனவர்களின் போன்கள் தனியாக ஒரு பெட்டியில் இருந்தன. அவன் ஒவ்வொன்றின் முதுகிலும் டேப் ஒட்டி ஆளின் பெயர், ஊர், என்ன பழுது என்று எழுதியிருந்தான். அவற்றை இன்னொரு பக்கத்தில் பதிந்தோம். பெயர்களை அகர வரிசைக்குக் கொண்டுவந்தால் தேட லேசு என்று நானாகவே ஒரு நாள் பெயர் வரிசையை மட்டும் மாற்றினேன், பெயர்கள் நகர்ந்துவிட்டன, போன்கள் நின்ற இடத்திலேயே நின்றன, யாருடையது எதுவென்று எல்லாம் கலைந்துபோனது. பிள்ளை செய்துவைத்ததைக் கெடுத்துவிட்டேன் என்று உட்கார்ந்து அழுதேன். ஷம்ரா வந்து பழையபடி ஆக்கித் தந்தாள், வரிசைப்படுத்தும்போது எப்போதும் முழுப் பக்கத்தையும் சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும் என்று காட்டினாள். இப்போதெல்லாம் தொடும் முன்னே ஒரு பிரதி எடுத்துவைத்துவிடுகிறேன்.

போனுக்கு உரியவர்கள் எப்படிக் கேட்டு வருவார்கள்? எல்லோரிடமும் இருப்பது தம்பியின் நம்பர் ஒன்றுதான். அவன் போன் அன்றைக்கே நொறுங்கிப்போனது, சிம்மை மட்டும் பொலிஸில் கவரில் போட்டுத் தந்திருந்தார்கள். அதை எடுத்து என் பழைய பட்டன் போனில் போட்டேன். அழைப்புகள் வரத் தொடங்கின. எல்லோரும் முதலில் தம்பி இருக்கிறாரா என்றுதான் கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. சிலருக்குச் சொல்ல வாய் வராமல், கடைக்கு வாங்க என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

அப்படி வந்தவர்தான் பூனாகலை வீரசிங்கம். அப்பாவை விட வயது இருக்கும், பஸ் மாறி மழையில் நனைந்து வந்தார். டேப்பில் பெரியாயி என்று எழுதியிருந்தது, தண்ணீரில் விழுந்த போன். ஜெஸீமும் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே முழுக்கத் துருப்பிடித்துவிட்டது, இனி ஒன்றும் எடுக்க முடியாது என்று சொல்லியிருந்தார். மகன் போய்விட்டதையும் போன் சரிவராது என்பதையும் நான் சேர்த்தே சொன்னேன். அவர் முதலில் என் மகனுக்காகக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, அந்த போனை மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"இது எம் பொஞ்சாதி போனுங்க. குடுத்துட்டு வந்து ரெண்டு கிழமையில நெஞ்சு வலின்னு போய்ட்டா. அவ பேசி அனுப்பினதெல்லாம் இதுலதான் இருக்கு. ஒரு தடவ கேக்கலாம்னு வந்தேன்."

ஷம்ராதான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் உள்ளே வந்து, அந்த அம்மா யாருக்குப் பேசி அனுப்புவாங்க என்று விசாரித்தாள். கொழும்பில் கடையில் நிற்கிற மகளுக்கு என்றார். அப்படியென்றால் இந்த போன் போனால் என்ன, கேட்ட மகளின் போனில் அது இருக்குமே என்று சொல்லி, அங்கேயே அந்தப் பிள்ளையை அழைத்துப் பேசினாள். கொஞ்ச நேரத்தில் ஷம்ராவின் போனுக்கு அந்த அம்மாவின் குரல் வந்தது. மூன்று பேரும் சேர்ந்து கேட்டோம். பெரிதாக ஒன்றுமில்லை சக்தி. மழை வருது, துணியெல்லாம் எடுத்துட்டேன், ஒங்கப்பா இன்னும் வரல, நீ குடை கொண்டு போனியா என்று அந்த அம்மா பேசியது. வீரசிங்கம் இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. யாரும் அவரை எழுப்பவில்லை. போகும்போது, வேலை செய்யாத அந்த போனையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனார், அவள் கையில் இருந்தது என்றார்.

நேற்று எல்லாம் முடிந்தது. ஜெஸீம் லெப்டொப்பில் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு தட்டாய்ச் சரிபார்த்தார், ஒன்றிரண்டு சின்ன வித்தியாசம் தவிர எல்லாம் பொருந்தியது. கடைப் பெயரை மாற்றவா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மாற்றிக்கொள்ளுங்கள் தம்பி, நீங்கள் பிழைக்க வேண்டாமா என்றேன். தம்பி தன் கையால் எழுதிய பெயர்ப் பலகையைக் கழற்றும்போது பின்னால் பார்த்தால், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் அப்பா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது. வந்து பலகையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார், நான் மறுபக்கம் பிடித்தேன், இரண்டு பேரும் அதை வீட்டுக்குத் தூக்கிவந்தோம். வழியில் அப்பா, "நம்ம ரூபன் எழுத்து நல்ல எழுத்து" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இனி ஒன்றைக் கேட்கிறேன், கோபப்படாதே. சிம்மைப் போட்ட முதல் நாள் மத்தியானம் உன் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. நான் எடுத்து ஹலோ என்றதும் நீ வெட்டிவிட்டாய். பிறகு என்னோடு எத்தனையோ தடவை பேசினாய், அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த நம்பர் வேலை செய்யாது என்று தெரிந்தும் நீ அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாய் என்று விளங்கிக்கொண்டேன். நீ பயந்திருப்பாய், அல்லது ஒரு விநாடி வேறு எதையோ நம்பியிருப்பாய், அந்த இடத்தில் என் குரல் வந்தது உனக்கு எப்படி இருந்திருக்கும் மகளே. அது நான்தான், கடை வேலைக்காகத்தான் போட்டேன். இனி அந்த நம்பரை நிறுத்தப்போவதில்லை. மனசு கேட்காதபோது அடி, நான் எடுப்பேன், பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை, வெட்டாமல் இரு.

வேலை இடத்தில் வாய் கொடுக்காதே, வெயிலில் தலையை மூடிக்கொண்டு நட, மருந்தை விடாதே. மாரியம்மா உன் கூடவே இருப்பாள், அப்பாவும் நானும் உன்னை நினைத்து இரண்டு கையாலும் ஆசீர்வதிக்கிறோம். மறக்காமல் ஒன்று செய். தம்பி உனக்குப் பேசி அனுப்பியதில் ஏதாவது ஒன்றை ஷம்ராவின் போனுக்கு அனுப்பு, எதுவானாலும் சரி. என்னோடு ஒரே வீட்டில் இருந்த பிள்ளை, எனக்கு அவன் எதையும் பேசி அனுப்ப வேண்டியிருக்கவில்லை. அதனால் அவன் குரல் என்னிடம் ஒன்றுகூட இல்லை.

உன் அம்மா,
கி. ஜீவராணி