குங்குமம் வைத்த பல்

20-10-86, திங்கள்

காலையிலேயே நல்ல வெயில். துணி எல்லாம் பதினொன்றுக்குள் காய்ந்தது. நான்கு மணிக்கு மழை.

இன்றும் சாமிப்படச் சட்டம் ஒன்று பாழ். ஆயுத பூசைக்கு முதல் நாள் ஈப்போவில் சீனக் கடைக்காரத் தவுக்கேயிடம் அவர் வாங்கிய சின்ன மேசை ரம்பம். மலிவு. அறுப்பதைவிடக் கருக்குவது அதிகம். ஒரு துண்டு எகிறி அவர் வயிற்றில். தடித்துவிட்டது. நல்லெண்ணெய் தடவினேன்.

"இது மரம் அறுக்கிற மெசினா, ரொட்டி வாட்டுற மெசினா? சனிக்கெழம தவுக்கே கடையிலயே தள்ளிவிட்டுட்டு சிங்கப்பூர் போறேன். ஒன் தம்பி கூப்பிட்டுக்கிட்டே இருக்கான்."

ஈயம் தோண்டும் லம்பத்தில் அவருக்கு வேலை நின்றதிலிருந்து இந்தப் பேச்சு. தம்பி போனவன், இரண்டு தீபாவளிக்கு வரவில்லை. இவரும் போனால்? முருகா.

21, செவ்வாய்

விரதம். அவர் ஜெலாப்பாங்கில் பலகை பார்க்கப் போனார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெசின் முன் உட்கார்ந்தேன். கூட வந்த தாளில் படம் மட்டும் புரிந்தது.

மேசையில் நீளமாக ஒரு பள்ளம். ரம்பத்தட்டு அதற்கு நேராக நிற்க வேண்டும். நிற்கிறதா?

பள்ளத்தில் ஓடும் கட்டையில் விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றைக் கட்டினேன். அடையாளத்துக்கு ஒரு பல்லில் குங்குமம். அந்தப் பல் முன்பக்கம் நிற்கையில் ஈர்க்கு தொட்டது. அதே பல்லைப் பின்பக்கம் சுற்றி, கட்டையையும் தள்ளினால் தொடவில்லை. நகம் நுழையும் இடைவெளி! அடியில் நான்கு திருகு. தளர்த்தி, தட்டி, முடுக்கி, மறுபடியும். மூன்றாம் தடவை முன்னும் பின்னும் ஒரே உரசல்.

தோசைக்கு அரைக்க மறந்தேன். அவர் வந்ததும் சொன்னேன்.

"வெளக்குமாத்துக் குச்சிய வெச்சா பார்த்த? வெளிய சொல்லாதலா, சிரிப்பாங்க."

22, புதன்

அறுத்துப் பார்த்தார். மரம் எகிறவில்லை. கருகல் போகவில்லை. வெட்டு, பல்லைவிட அகலம். "போதும், விடு." பெட்டியில் சட்டை மடித்து வைத்தார். நான்கு.

மனம் கேட்கவில்லை. குங்குமப் பல் சரி, மற்றப் பற்கள்? ஈர்க்கை நகர்த்தாமல் தட்டை மெல்லச் சுற்றினேன். ஒரு பக்கத்துப் பற்கள் உரசின, எதிர்ப்பக்கம் தொடவே இல்லை. தட்டு தள்ளாடுகிறது! நட்டைக் கழற்றினேன். தட்டு ஒட்டி உட்காரும் இரும்பு வளையத்தில் காய்ந்து கல்லான சந்தனம்.

நான் வைத்தது. பூசையன்று தட்டு மாட்டியிருக்கவில்லை. பளபளவென்று அந்த வளையம், நெற்றி மாதிரி. கட்டைவிரலால் அப்பினேன். அதன் மேலேயே தட்டை மாட்டியிருக்கிறார்.

சுரண்டி, வெந்நீர்த் துணியால் துடைத்து, மாட்டினேன். எல்லாப் பல்லும் ஒரே உரசல்.

சொல்வதா? கேலி செய்வார். சொல்லாவிட்டால் பழி மெசின்மேல். நகக்கண்ணில் சந்தனம் இருக்கும்போதே சொல்லிவிட்டேன்.

என் விரலைப் பிடித்து நகத்தைப் பார்த்தார். பிறகு, "இத்தன நாளா தவுக்கேய ஏசிக்கிட்டுக் கெடந்தேன்லா. கள்ளி வீட்டுக்குள்ளயே இருக்கா."

24, வெள்ளி

மழை இல்லை. சட்டம் ஆறு முடிந்தது. மூலையில் நூல் நுழையாது. கருகல் துளியும் இல்லை.

பக்கத்து வீட்டுப் போனில் தம்பியிடம்: "மச்சான், நான் வாரதா இல்ல. நீ தீபாவளிக்கு வா." பெட்டியில் மடித்த சட்டைகளில் ஒன்றைப் போட்டிருந்தார்.

விளக்கேற்றி, பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். வாசல், அம்மி, தையல் மெசின். ரம்பத்தருகே போனதும், "இரு, இரு!" என்று ஓடிவந்தார். காதில் செருகிய பென்சிலை எடுத்து, ரம்பம் நிற்கும் மேசைக்காலில் சின்னதாக ஒரு வட்டம் போட்டார்.

"இங்க வையி. இதுக்கு மேல ஏறாத."