முப்பத்தேழு சைஸ் கால்

என் மனசுக்கு நெருக்கமான அத்தைக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, வாசலில் அடுக்கியிருந்த சாம்பிள் ஷூக்களைத் துடைத்துப் பையில் போட்டேன். எல்லாமே வலது கால்; வீட்டுக்கு ஒற்றைக் கால் சாம்பிள்தான் அனுப்புவார்கள். வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள் எல்லாரும், கையில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கே வந்துவிட வேண்டுமாம். ஷூக்கள் இருந்த இடத்தில் மட்டும் தரை வேறு நிறத்தில் இருக்கிறது.

கொரோனா சமயத்தில் என் வேலை வீட்டுக்கு வந்தபோது நீங்கள் போட்ட ஒரே நிபந்தனை நினைவிருக்கிறதா? "கம்ப்யூட்டர எங்க வேணா வெச்சுக்கம்மா. செருப்பு மட்டும் நிலைப்படி தாண்டக் கூடாது." புதுசு அத்தை, யாரும் போட்டதில்லை என்றேன். "போடத்தானே தச்சிருக்காங்க?" என்றீர்கள். லேப்டாப்பை ஸ்டூலில் வைத்து வாசலுக்கு இழுத்தேன்.

பெண்கள் ஷூவுக்குச் சாம்பிள் தைப்பது முப்பத்தேழு சைஸில். என் கால் அதற்குள் நுழையாது. வீடியோ மீட்டிங்கில் போட்டுக் காட்ட ஆளில்லாமல் நான் விழித்தபோது, நீங்களே வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து காலை நீட்டினீர்கள். அளவெடுத்தது போல் இருந்தது. "ஆனா சுண்டு விரல்கிட்ட கடிக்குது. இத வெட்டுன ஆளு இன்னா, காலே பாத்ததில்லையா?" மைக் ஆனில் இருந்தது. தோல் வெட்டப் பேட்டர்ன் போடும் அன்வர் பாய் அந்தப் பக்கம் சிரித்துவிட்டு, "திருத்திடறேன்மா" என்றார்.

அதன்பிறகு எந்த மாடல் வந்தாலும் மேனேஜர் முதலில் கேட்பது, "உங்க அத்தை ஓகே சொல்லிட்டாங்களா?" ஆபீசில் யாருக்கும் உங்கள் முகம் தெரியாது. பித்தவெடிப்புள்ள ஒரு காலும் ஒரு குரலும்தான் தெரியும். அந்தக் கால் லாங் பஜாரில் வாங்கிய ரப்பர் செருப்பைத் தவிர வேறெதையும் போட்டுக்கொண்டு தெருவில் நடந்ததில்லை. ஏன் அத்தை? நான் கேட்கவே இல்லை.

தை மாதம் நீங்கள் தூக்கத்திலேயே போன பிறகும் சாம்பிள் வந்துகொண்டுதான் இருந்தது. வாசலிலேயே அடுக்கினேன்.

கம்பெனி பஸ்ஸில் ஆம்பூர் போய் இறங்கினேன். என் மேஜை அப்படியே இருந்தது, நாற்காலியை யாரோ மாற்றியிருந்தார்கள். தோல் வாசனை கொஞ்ச நேரம் மூக்கில் ஏறியது, பிறகு தெரியவில்லை. அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. அன்வர் பாய் மட்டும் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா போனதுல இருந்து என்னைத் திட்ட ஆளே இல்ல மேடம். பேஜாரா இருக்கு" என்றார்.

இப்போது ஷூ போட்டுப் பார்ப்பது செல்வி. தையல் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒடுகத்தூர் பெண். காலையிலிருந்து புது மாடல் ஜோடியைப் போட்டு நடக்க விட்டிருந்தார்கள். மதியம் எங்கள் முன் வந்து நின்றாள்.

"எங்கியாவது கடிக்குதா?" என்றார் மேனேஜர்.

"இல்ல சார். சூப்பரா இருக்கு சார்."

"பாத்தீங்களா சுமதி? ஆபீஸ்னா ஒரே நாள். வீட்ல இருந்தா இதுக்கே ஒரு வாரம் இழுத்திருப்பீங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

பிறகு கை கழுவும் இடத்தில் அவளைப் பார்த்தேன். ஒற்றைக் காலில் நின்று குதிகாலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தோல் உரிந்திருந்தது.

"ஏம்மா, கேட்டப்ப சொல்றதுக்கென்ன?"

"எங்க லைன் அக்காதான் மேடம் தச்சாங்க. சொன்னா அவங்களத்தான் திட்டுவாங்க. நீங்களும் சொல்லிடாதீங்க."

தையலில் குறையில்லை அத்தை. குதிகால் பக்கம் வெட்டுதான் உயரமாக இருக்கிறது. ஆனால் திட்டு எப்போதும் தைத்தவர்களுக்குத்தான் போய்ச் சேரும், அவள் சொன்னது சரி.

நாளைக் காலை அந்த மாடலைச் சரிபார்த்தவள் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் கட்டிங் தொடங்கிவிடும். போடாவிட்டால் ஷிப்மென்ட் தள்ளிப்போகும், வீட்டில் உட்கார்ந்து பழகிவிட்டவள் வந்ததும் வேலையை இழுக்கிறாள் என்பார்கள்.

நான் போடப் போவதில்லை. உங்கள் மகனிடம்கூட இன்னும் சொல்லவில்லை. செல்வியின் பெயரை எடுக்க மாட்டேன். பேட்டர்னைத் திருத்தச் சொல்லி அன்வர் பாயிடம் நானே கொடுப்பேன். கடிப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று மேனேஜர் கேட்டால்? உங்கள் பெயரைச் சொல்லிக்கொள்ளட்டுமா?

கடிக்கிற செருப்பு எதுவும் என் கையெழுத்தோடு அந்தக் கம்பெனி வாசலைத் தாண்டாது, அத்தை.

உங்கள் மூத்த மருமகள்,
சுமதி