ஒண்ணுமில்லீங்க

சரவணம்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வேங்கடசாமிக்கு,

ஞானாபரணம் எழுதுகிறேன். இப்போது நலம். ஹைதராபாத்தில் நீயும் உன் மகன் சசிதரும் நலம்தானே? போன் செய்தால் என் பெயரைப் பார்த்ததுமே கட் செய்துவிடுகிறாய். காகிதத்தை அப்படிச் செய்ய முடியாது பார், அதனால்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் என்னை இடித்துவிட்டது. ஹேண்டில்பார் இடது விலாவில் குத்தியது. கீறல்கூட இல்லை. ஓட்டி வந்த பெண்தான் நடுங்கிப்போய் நின்றாள். நம்ம ஊர்ப் புத்தி எங்கே போகும்? "ஒண்ணுமில்லீங்க அம்மணி, பயப்படாதீங்க" என்று அவளை வீட்டுக்கு அழைத்து வந்து, காபி கொடுத்தேன். அவளை வழியனுப்ப எழுந்தவன்தான், கண் இருட்டிவிட்டது. "ஏனுங்க, ஒடம்பு இப்படிச் சில்லுனு இருக்குது" என்று ஜெயக்கொடி பதறியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மண்ணீரல் கிழிந்து, ரத்தமெல்லாம் வயிற்றுக்குள்ளேயே கொட்டியிருக்கிறது. முதலில் சலைன் ஏற்றினார்கள். அதையே ஏற்றிக்கொண்டிருந்தால் மிச்சமிருக்கும் ரத்தமும் நீர்த்துப்போகும், ரத்தத்துக்கு ரத்தம்தான் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். எனக்கோ தாங்க முடியாத தாகம். ஆபரேஷனுக்கு முன் ஒரு சொட்டுகூடக் கூடாதாம். கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவரைக்கூடத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பாத ஜெயக்கொடி, ஈரப் பஞ்சால் என் உதட்டைத் துடைத்தபடி அழுதாள்.

அப்போது நினைத்துக்கொண்டது உன்னைத்தான். மில்லில் சேர்ந்த புதிதில், ஷிப்ட் முடிந்து சைக்கிளில் டபுள்ஸ் போய் இரண்டு பேரும் ரத்தம் கொடுப்போமே. ஊசியைப் பார்த்ததும் நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய், பெரிய வீரன். வெளியே வந்து ரோஸ்மில்க் குடிப்போம். திகட்டுகிறது என்று பாதி டம்ளரை என் பக்கம் தள்ளுவாய். எத்தனை நல்ல சாயங்காலங்கள், வேங்கடு. படுத்தே கிடப்பதால் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வருகின்றன.

எனக்கு ஏற்றிய ரத்தத்துக்கு ஈடாக ரத்த வங்கிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டுமல்லவா? என் மகன் ஜேக் கொடுத்தான். அவனுக்கு அடுத்த கட்டிலில் படுத்துக் கொடுத்தது உன் மகள் சாய்ப்ரியா. அவனைக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக இத்தனை வருஷமாக நீ முகம் பார்க்காத அதே ப்ரியா. யாருடைய ரத்தம் எனக்குள் ஓடுகிறதென்று யாரும் சொல்ல மாட்டார்கள். ப்ரியாவுடையது என்று நானே முடிவு செய்துவிட்டேன். அப்படியானால் உன்னுடையதும்தான்.

வெளியே வந்தவளுக்கு ஜெயக்கொடி ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். பாதி குடித்துவிட்டு, "போதுங்க அத்தை" என்று டம்ளரை ஜேக்கிடம் தள்ளினாளாம். அதைக் கேட்டு, தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன். பிறகு அழுதுவிட்டேன்.

உனக்கு எழுதட்டுமா என்று அவளைக் கேட்டேன். "வேண்டாங்க மாமா, எனக்கு ஒண்ணுமில்லீங்க, நான் நல்லாத்தான் இருக்கறேன்" என்கிறாள்.

நானும் அதைத்தானே சொன்னேன், உள்ளே கொட்டிக்கொண்டிருந்தபோது.

ஆண்டவர் உனக்கு நல்ல சுகத்தைத் தரட்டும். நாள் நட்சத்திரம் பார்க்காமல் கிளம்பி வா.

உன்
ஞானம்