குழாய் நன்றாக இருக்கிறதாம்

ஆகஸ்ட் 6, செவ்வாய்
காலையில் மறுபடியும் வாந்தி. அனுசியா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். ஆறு வயதுப் பிள்ளை டிவியை அணைக்கச் சொன்னால் என்ன அர்த்தம்? கைக்குழந்தையில் வைத்த குழாய். தலையில் சேரும் நீரைக் கழுத்து வழியாக வயிற்றுக்கு இறக்குவது. அதில்தான் கோளாறு. எனக்குத் தெரியும்.

இவர் ஹார்பர் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டே, "ஏளா, ஸ்கூல் பூரா காய்ச்சல். நீ எதையாவது கெளப்பாத" என்கிறார். கிளப்புகிறேனாம்.

ஆகஸ்ட் 7
தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் தலைக்கு சி.டி., தலையிலிருந்து வயிறு வரை எக்ஸ்ரே. எக்ஸ்ரே எடுக்கிற ஜெனிலாவோடு சண்டை. சுடலைமாடசாமி கோயில் கொடையில் பிள்ளை கழுத்தில் கட்டிய தாயத்தைக் கழற்றச் சொல்கிறாள். நாற்பத்தோரு நாள் கழற்றக் கூடாது, இன்றைக்குப் பதின்மூன்றுதான். "எங்க சாமி விஷயத்துல தலையிடாத" என்றேன். "சரிக்கா, ஒதுக்கியாவது விடுங்க." சட்டைக் காலருக்குள் தள்ளிவிட்டேன்.

டாக்டர் தலை நிமிராமலே சொன்னார்: "குழாய் நல்லாருக்கும்மா. சி.டி.யும் போன வருஷம் மாதிரிதான். வைரல்."

ஆகஸ்ட் 8
பொய். பொய். பொய்.

ஆகஸ்ட் 9
எழுப்பினால் எழும்பவில்லை. இவர் முகம் வெளுத்துவிட்டது. இப்போது தெரிகிறதா என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். ஆம்புலன்ஸில் நெல்லைக்கு. பாதி வழி தாண்டியும் டாக்டரை, ஜெனிலாவை, இவரை, ஒருத்தரையும் விடாமல் ஏசிக்கொண்டே வந்தேன்.

இங்கே நர்ஸ் என்னைக் கேட்காமலே தாயத்துக் கயிற்றைக் கத்தரித்தாள். புதுப் படத்தில் குழாய் கழுத்தில் இரண்டாக அறுந்து நிற்கிறது. "பாத்தியளா? அன்னைக்கே சொன்னேன்லா" என்று கத்தினேன்.

சர்ஜன் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தார். அறுந்த அதே இடத்தில், வெள்ளையாக, தாயத்து. ஜெனிலா எழுதி அனுப்பிய குறிப்பையும் வாசித்தார்: கழுத்தில் உலோகம். அகற்றத் தாய் மறுத்தார். திரும்ப எடுக்க வேண்டும்.

அந்த டாக்டர் அதை வாசிக்கவில்லை. அவர் மேல் கோபம் போகவில்லை, போகாது. ஆனால் மறைத்தது யார்? நான்தானே.

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 10
"அம்மா, பசிக்கி" என்றாள்.

ஆகஸ்ட் 28, புதன்
தூத்துக்குடியிலேயே செக்கப் எக்ஸ்ரே. அங்கே ஜெனிலாதான் இருந்தாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவள் சொல்லுமுன்னே அனுவின் கம்மல், பாசி, ஹேர்பின் எல்லாம் கழற்றித் தட்டில் வைத்தேன். பிள்ளையைப் பிடிக்க நானும் உள்ளே போக வேண்டும்; என் கை தாலிச் சங்கிலிக்கும் போனது.

"ஒங்களது வேண்டாம்க்கா" என்றாள். "பிள்ளைய மட்டும் அசையாம பிடிங்க."

பிடித்தேன்.