கண்ணாடி வாசலின் அகலம்

அன்புள்ள தம்பிக்கு,

சொல்ல வந்தவை மூன்று.

1. நம் கார் விற்பனைக் கட்டிடம் மாறிய விதம்.
2. நீ தப்பாக அளந்த கண்ணாடி வாசல்.
3. வியாழக்கிழமை கட்டிடத்தை இடிக்கிறார்கள்.

தகரக் கொட்டகையை அப்பா மாடிக் கட்டிடமாக்கியது வரை உனக்குத் தெரியும். நீ காருக்கு அடியில் நின்று வேலை பார்த்த பள்ளத்தை மூடிச் சோபா போட்டோம். பிறகு சோபாவில் உட்காரவும் ஆள் வரவில்லை.

கண்ணாடி பதித்த மறுநாள் நினைவிருக்கிறதா? உள்ளே நின்ற அப்பாவின் முதல் கார் வெளியே வர, வாசலில் நான்கு விரல் அகலம் போதவில்லை. பிரித்தால் கண்ணாடி உடைந்துவிடும் என்றார் மேஸ்திரி. அன்றிலிருந்து புதுக் கார்களெல்லாம் வெயிலில்தான் நின்றன.

“கார் விக்கிற கடையில காரே வெளிய வராதாம்!” என்று தெருவே சிரித்தது.

“அளக்கத் தெரியாதவனுக்கு இங்க என்னடா வேலை?” என்று அப்பா கத்தினார். நீ என்னைப் பார்த்தாய். நான் மேசையில் பென்சில்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் நீ பெட்டியோடு போய்விட்டாய்.

வியாழக்கிழமை கண்ணாடியை எடுத்ததும் அந்தக் கார் வெளியே வரும். தள்ளத்தான் வேண்டும்; எனக்குத் தெம்பில்லை. உனக்கும் வயதாகிவிட்டது, தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

மேலே எழுதியதில் இரண்டாவது தவறு. டேப்பின் நுனியைப் பிடித்தது மட்டும்தான் நீ. அளவைப் படித்துச் சீட்டில் எழுதி மேஸ்திரியிடம் கொடுத்தது நான். பென்சில்களை அடுக்கும்போதே அது எனக்குத் தெரியும்.

உன் அண்ணன்