சாரை இல்லாத ஊர்

ஆம்பூர்ப் பக்கம்,
1932, மாசி 10

சௌபாக்கியவதி அமிர்தவள்ளிக்கு உன் அம்மா ஜெயம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. தங்கவயலில் மாப்பிள்ளையும் நீயும் சுகமா? உன் மாமியாரைக் கேட்கவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகாது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உன் வளைகாப்பு அன்று காணாமல் போன உன் மாமியாரின் சாம்பல் பூனையைத் திருடியது நான்தான். பலகாரக் கூடையில் போட்டுத் துணி கட்டி ரயிலேற்றினேன். பவுரிங்பேட்டையில் வண்டி மாறும்போது கூடை கத்தியது. கூடவே நானும் இருமினேன். பக்கத்திலிருந்த அம்மாள் எனக்குக் கஷாயம் சொல்லிக்கொடுத்தாள். வீட்டுக்கு வந்து கூடையைத் திறந்தேன். பொண்ண இட்டாரப் போனவ பூனைய இட்டாந்திருக்கிறா என்றார் உன் அப்பா.

நாள் சரியில்லை, அடுத்த மாசம் வந்து அழைத்துப் போகிறேன் என்று உன் மாமியாரிடம் சொன்னேனே, அதுவும் பொய். பஞ்சாங்கத்தை நான் பார்க்கவே இல்லை. காரணம் எலி.

நம் வைக்கோல் போரில் ஒரு பெரிய சாரை குடியிருந்ததே, நினைவிருக்கிறதா? அது பாட்டுக்குக் கெடக்கட்டும்மா, உன்ன இன்னா பண்ணுது என்று சொல்லிவிட்டுத்தான் நீ புருஷன் வீட்டுக்குப் போனாய். அப்புறம் மேல்விஷாரத்து அப்துல் ஹமீத் பாய் பாம்புத் தோல் வாங்க வந்தார். சீமையில் அதில் செருப்பும் பையும் தைக்கிறார்களாம். தோல் பதனிடும் ஷாப்பில் உன் அப்பா இரண்டு நாள் சுண்ணாம்புக் குழியில் நின்றால் கிடைக்கிறதை ஒரு சாரை கொடுத்தது. ஊரே பாம்பு பிடித்தது. வாசலெல்லாம் பலகையில் ஆணியடித்துக் காயவைத்த தோல். நம் போரில் இருந்ததை அடிக்க உன் அப்பாவுக்குக் கை வரவில்லை. எனக்கு வந்தது. வளைகாப்புக்கு நான் கட்டி வந்த அரக்குச் சேலை அந்தக் காசுதான்.

இரண்டு வருஷத்தில் சாரை தீர்ந்துபோயிற்று. எலியோ இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை எட்டும் பத்துமாகப் போடுகிறது. அதற்கு வளைகாப்பும் இல்லை, தாய்வீடும் இல்லை. கடலை போயிற்று. கேழ்வரகுக் கதிரை அறுத்து வளைக்குள் சேர்த்துவைத்திருக்கிறது. நாங்கள் வளையைத் தோண்டி அதை எடுத்துக் கழுவிக் களி கிண்டுகிறோம். பாஷாணம் வைத்துப் பார்த்தோம். செத்த எலியைத் தின்று புளியமரத்து ஆந்தை இரண்டும் செத்தன. ஒரு மாசத்தில் எலி பழையபடி ஆகிவிட்டது. ஆந்தை வரவில்லை.

போன வாரம் பாய் வந்தார். பாம்பு இல்ல பாய், எலித்தோல் ஜாஸ்தியா கீது, எடுத்துக்கிறீங்களா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவர் கிடங்கிலும் ஆட்டுத்தோலெல்லாம் ஓட்டையாம்.

பாம்பு பிடிக்கிற இருளர் முனியம்மாவிடமும் போனேன். எங்கிருந்தாவது ஒரு ஜோடி சாரை பிடித்துவந்து நம் கொல்லையில் விடேன் என்றேன். முட்ட இருக்கிற பாம்ப நாங்க தொட மாட்டோம், நீங்க எத விட்டீங்க என்று கேட்டாள். நான் திரும்பி வந்துவிட்டேன். நம் போரில் அடித்த சாரையின் வயிற்றில் பதினோரு முட்டை இருந்தது.

அடுத்த வீட்டு எல்லம்மாவுக்குத் தையில் ஆண் குழந்தை பிறந்தது. பட்டப்பகலில், அவள் தண்ணீருக்குப் போன நேரத்தில், எலி தூளியில் இறங்கிக் காலைக் கடித்துவிட்டது. மூன்று நாள் காய்ச்சல். பெயர் வைக்க எங்களைக் கூப்பிட்டிருந்தாள். போனோம். பெயர் வைக்கவில்லை. உன் பிள்ளைக்குத் தூளி கட்ட நான் துவைத்து வைத்திருந்த பழஞ்சேலையில்தான் அதைச் சுற்றிப் புதைக்கக் கொடுத்தோம்.

ஆகையால் கண்ணு, தலைப்பிரசவத்துக்கு இங்கே வராதே. நான் கூப்பிட்டாலும் வராதே. கூப்பிட்டுவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. பெற்ற வீட்டில் ஒரு பிரசவம் பார்க்க வக்கில்லை என்று உன் மாமியார் சொல்வார். சொல்லட்டும், நீ பதில் பேசாதே. காலில் விழச் சொன்னால் வந்து விழுகிறேன், பூனையையும் கொடுத்துவிடுகிறேன். வலி எடுத்ததும் அவர் கையையே பிடித்துக்கொள். நல்ல கெட்டியான கை அது, வளையல் போடும்போது பார்த்தேன். மாரியம்மா உங்கள் இரண்டு உயிரையும் அங்கேயே வைத்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா ஜெயம்மாள்

பின்குறிப்பு: பூனை நேற்று ஒரு பெருச்சாளியைத் துரத்திக்கொண்டு போயிற்று. ஒரு காது குறைந்து திரும்பி வந்து, கேழ்வரகுப் பானைக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டது. வெளியே வரமாட்டேன் என்கிறது. பானையில் வேறொன்றும் இல்லாததால் விட்டுவிட்டேன்.